தனியாக விட்டால் கதறும் சின்ன நாய்: அறிகுறி வாரியாக என்ன செய்வது

வீடு மாறுகிறவர்கள் விட்டுப்போனவை, வளர்த்தவர் இறந்துபோய் யாரும் எடுத்துக்கொள்ளாதவை, "ரொம்பக் குரைக்குது" என்று திருப்பிக் கொடுக்கப்பட்டவை என்று எட்டு வருடமாக எங்கள் சென்னை ஃபிளாட்டில் சின்ன நாய்களைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பிட்ஸ், டாஷ்ஹண்ட், ஷீட்சூ, பக், நாட்டுக் குட்டிகள். பெரும்பாலும் இரண்டில் ஒரு கோளாறோடுதான் வருகின்றன: ஆள் வெளியே போனால் தாங்காது, அல்லது கூண்டில் விட்டால் தாங்காது. இரண்டும் ஒன்றல்ல. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் முதல் இரண்டு நாய்களிடம் பல மாதங்களை வீணாக்கினேன்.

உங்கள் நாயிடம் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், டாக்டர் கடைசியில் வருவார். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாய் உங்களைப் பழிவாங்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தைக்கு வரும் பயம் அது. அந்தக் குழந்தையை யாரும் அடிக்க மாட்டோம்.

## எதுவானாலும் முதலில்: வீடியோ எடுங்கள்

பழைய போன் ஒன்றை டிவி ஸ்டாண்டில் சாய்த்து, வாசல் கதவும் நாய் படுக்கிற இடமும் தெரிகிற மாதிரி வையுங்கள். அதற்கு உயிரான தின்பண்டம் ஒன்றைத் தட்டில் வையுங்கள். பிறகு வழக்கமாக வேலைக்குக் கிளம்புவது போலவே கிளம்பி, கீழே பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். நடுவில் கதறல் கேட்டால் உடனே திரும்பிவிடலாம். தேவையானது அதற்குள் பதிவாகியிருக்கும்.

பட்டு என்ற ஸ்பிட்ஸ் வந்த வாரம் எடுத்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. கதவு சாத்தியதும் 20 விநாடி அசையாமல் நின்றாள். பிறகு கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோந்தாள். சமையலறை வரை ஓடினாள், திரும்பினாள், மறுபடி இடுக்கு. மூன்றாவது நிமிடம் மோவாயைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்தாள். நான் வந்தபோது மிதியடியில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் ஈரம். வேகவைத்த கோழித் துண்டு வைத்த இடத்திலேயே கிடந்தது. நான் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் ஓடிப்போய் அதை விழுங்கினாள்.

அந்தக் கோழித் துண்டுதான் சோதனை. ஆள் இருக்கும்போது பாய்ந்து தின்கிற பண்டத்தை ஆள் இல்லாதபோது தொடவில்லை என்றால் அது பயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தின்று முடித்துவிட்டுத் தலையணையைக் கிழித்தால் சலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தின்பதால் மட்டும் பயமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில நாய்கள் அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, தீர்ந்ததும் கதறும். எதைக் கடித்தது என்பதையும் பாருங்கள். செருப்பு, ரிமோட், மெத்தை என்று கிடைத்ததையெல்லாம் கடித்தால் சலிப்பு, அல்லது பல் முளைக்கிற வயது. வாசல் கதவின் அடிப்பக்கம், நிலை, ஜன்னல் ஓரம் என்று வெளியேறும் வழியை மட்டும் பிராண்டினால் அது உங்களைத் தேடுகிறது.

## கிளம்புவதற்கு முன்பே பதறுகிறது

சாவி சத்தம் கேட்டதும் நடுக்கம், ஷூ போட்டதும் காலைச் சுற்றுவது, பையை எடுத்ததும் கொட்டாவி மேல் கொட்டாவி. அது தூக்கம் வருகிற கொட்டாவி அல்ல.

சாவிக்கும் நீங்கள் காணாமல் போவதற்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க வேண்டும். சாவியை எடுங்கள், போய் டிவி முன்னால் உட்காருங்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு காய்கறி நறுக்குங்கள். பையை மாட்டியபடி பால்கனியில் துணி மடியுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை போதும். சாவியை எடுத்ததுமே நடுங்குகிற நாய் என்றால் சாவியைத் தொட்டுவிட்டுக் கையை எடுப்பதோடு நிறுத்துங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் சாவி சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்காமல் படுத்திருந்தால் நல்ல அடையாளம். பதற்றம் குறைந்தும் கதவு சாத்தியதும் கதறல் அப்படியே இருந்தால் அடுத்த தலைப்பு உங்களுக்கு.

## கதவைச் சாத்தியதும் குரைப்பு, ஊளை

கீழ் வீட்டு அக்கா படியிலேயே நிறுத்திக் கேட்பார்: "ஏம்மா, நீ போனதுலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" அப்படித்தான் நம்மில் பலருக்கு முதலில் தெரியவருகிறது.

விட்டு விட்டுக் குரைக்கிறதா? வீடியோவில் குரைப்புக்கு முன்னால் என்ன சத்தம் என்று கேளுங்கள். லிஃப்ட் கதவு, பக்கத்து வீட்டு காலிங் பெல், தெருநாய்ச் சண்டை, கூரியர்க்காரர். சத்தம் நின்றதும் போய்ப் படுத்தால் அது காவல் குரைப்பு. வாசலிலிருந்து தள்ளியிருக்கிற அறையில் விடுங்கள், ஃபேனையோ டிவியையோ ஓடவிடுங்கள், தெரு தெரிகிற ஜன்னலின் கீழ்ப்பாதியில் மங்கலான ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

அரை மணி, ஒரு மணி தூங்கிவிட்டு, பிறகு எழுந்து குரைக்கிறதா? நடையும் வேலையும் போதவில்லை. சின்ன நாய்க்கு ஹாலில் ஓடுவதே போதும் என்பது தவறு. கிளம்புவதற்கு முன் 20 நிமிடம் மோந்து மோந்து நடக்கவிடுங்கள். உப்பில்லாத தயிர்சாதம், வேகவைத்த பரங்கிக்காய், கோழி இவற்றில் ஒன்றை காங் மாதிரியான ரப்பர் பொம்மைக்குள் அடைத்து, ஃப்ரீசரில் வைத்து உறையவைத்துக் கொடுங்கள். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எதற்குள்ளும் போகக் கூடாது. அவை நாய்க்கு விஷம். பீனட் பட்டர் வைப்பவர்கள் அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று லேபிளைப் படித்துக்கொள்ளுங்கள்.

போன சில நிமிடங்களில் ஆரம்பித்து, நிற்காமல், ஒரே மாதிரி ஊளை. தின்பண்டத்தைத் தொடவில்லை. இதுதான் உண்மையான தனிமைப் பயம். பெரும்பாலும் போன அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இதற்கு பொம்மை, வாசனை ஸ்ப்ரே, நம் பழைய பனியன் எதுவும் தனியாகப் போதாது. குரைத்தால் ஷாக் அடிக்கிற, புளிப்பு வாசனை பீய்ச்சுகிற கழுத்துப் பட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். பயந்து கத்துகிற பிராணிக்கு அது கத்தியதற்காக வலியும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். சத்தம் நிற்கலாம், பயம் கூடும். "கதறட்டும், ரெண்டு நாள்ல பழகிடும்" என்பதும் இதே வகை. கதறக் கதற அது பழகுவது பயத்தைத்தான்.

செய்ய வேண்டியது இது. மெதுவான வேலை, ஆனால் பலன் தரும்.

முதலில் உங்கள் நாயின் எல்லை எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். வீட்டிலிருக்கும் போனிலிருந்து உங்கள் போனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டு, உங்கள் பக்கம் மியூட் செய்துகொண்டு வெளியே நின்று பாருங்கள். ஊளைக்கு முன்னால் வருகிற சின்னச் சின்ன அடையாளங்கள்தான் கணக்கு: உதட்டை நக்குவது, காதைப் பின்னால் மடிப்பது, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிற்பது, கதவுக்கும் சோபாவுக்கும் நடை போடுவது. பட்டுவுக்கு அது எட்டாவது விநாடியில் வந்தது. ஆகவே அவளுடைய எல்லை எட்டு விநாடிக்கும் குறைவு. நிமிடக் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அதை ஏற்றுக்கொள்வதே கஷ்டமாக இருந்தது.

அடுத்து, அந்த எல்லைக்குள்ளேயே போய்ப் போய் வாருங்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வந்து உட்காருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். வெளியே காலை வைத்து உடனே உள்ளே. மூன்று விநாடி. ஐந்து. மறுபடி இரண்டு. ஆறு. மூன்று. எப்போதும் ஏறிக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் போன முறையைவிட நேரமாகிறது என்று நாய் கணக்குப் போட்டுவிடும். நடுநடுவே ஒரு நிமிடம் சும்மா இருங்கள், அது அடங்கட்டும். ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒருமுறை, வாரத்தில் ஐந்து நாள். மற்ற நாள் இருவருக்கும் ஓய்வு. நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வரும்போது ஆர்ப்பாட்டம் வேண்டாம். அதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவும் வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு தடவு தடவிவிட்டு உட்காருங்கள்.

முதல் அரை மணி நேரத்தை எட்டுவதற்குத்தான் மாதங்கள் ஆகும். 40 நிமிடம் நிம்மதியாகப் படுத்திருக்கிற நாய் அதற்குப் பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி என்று வேகமாக முன்னேறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பட்டு எட்டு விநாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்கு வர மூன்று வாரம் ஆனது. அரை மணிக்கு மூன்றரை மாதம். அங்கிருந்து இரண்டு மணிக்கு ஒரே மாதம்.

இனி, எல்லோரும் தவறவிடுகிற இடம். காலையில் ஐந்து விநாடி பயிற்சி கொடுத்துவிட்டு, பகலில் ஆறு மணி நேரம் தனியாகப் பூட்டிவிட்டுப் போனால் பயிற்சி பலிக்காது. பயிற்சி நடக்கிற காலத்தில் எல்லையைத் தாண்டித் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்கும்போது நடக்காத காரியமாகத் தோன்றும். எங்கள் வீட்டில் இப்படிச் சமாளித்தோம்: நானும் கணவரும் ஷிஃப்டை மாற்றி எடுத்தோம். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா பதினொன்றிலிருந்து ஒன்று வரை இருந்தார். எதிர் வீட்டுப் பெண் கல்லூரி முடிந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து படித்தாள். நாயை உங்களோடுதான் இருக்கவிட வேண்டும் என்றில்லை. யாராவது ஒருவர் இருந்தால் பெரும்பாலான நாய்களுக்குப் போதும். நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஐந்து நிமிடம்கூட. நம் ஊர் வெயிலில் அது உயிர் போகிற விஷயம்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்று கேட்பார்கள். அது தேடுவது மனிதரை. பெரும்பாலும் இரண்டு நாய் கதறும் வீடாகத்தான் முடியும்.

## கூண்டில் விட்டால் கதறல், வெளியே விட்டால் அமைதி

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை. கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். நீங்கள் கண்ணெதிரே இருக்கும்போதும் பதறினால் பிரச்சினை கூண்டு. நீங்கள் இருக்கும்வரை நிம்மதியாகப் படுத்து, எழுந்து போனதும் பதறினால் பிரச்சினை தனிமை. மேலே சொன்னதுதான் வழி, கூண்டு வெறும் இடம்.

கூண்டுதான் என்று தெரிந்தால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

இடமும் சூடும். தலை குனியாமல் நிற்க, ஒரு சுற்றுச் சுற்ற, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா? டாஷ்ஹண்டுக்கு உயரம் போதும், நீளம் போதாமல் போகும். மின்சாரம் போனால் ஃபேன் நிற்கிறதா? மேலே துணி போட்டு மூடினால் குகை மாதிரி இருக்கும் என்பது குளிர் நாட்டு யோசனை. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் மூன்று பக்கமும் மூடிய கூண்டு அடுப்பாகிவிடும். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் போதும்.

சத்தம். கம்பிக் கூண்டின் அடித்தட்டு ஒவ்வோர் அடிக்கும் தடதடவென்று ஆடும். 3 கிலோ நாய்க்கு அது பெரிய சத்தம். தட்டுக்கு அடியில் பழைய யோகா மேட்டை வெட்டிப் போட்டதும் ஒரு ஷீட்சூ அன்று ராத்திரியே உள்ளே போய்ப் படுத்தது. ஐந்து நிமிட வேலை.

பழைய நினைவு. தப்பு செய்தால் கூண்டு, விருந்தாளி வந்தால் கூண்டு, டாக்டரிடம் போக மட்டும் கூண்டு என்றிருந்தால் அது ஜெயில்தான். முதலிலிருந்து தொடங்குங்கள். கூண்டுக் கதவைக் கழற்றியே வையுங்கள். ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டை வாசலருகே, பிறகு வாசற்படியில், பிறகு உள்ளே. தள்ளி விடாதீர்கள், தானாகப் போகட்டும். தானாகப் போய்ப் படுத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் கதவை மாட்ட வேண்டும். உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது கதவைச் சாத்தி, தின்று முடிக்கும் முன் திறந்துவிடுங்கள். பிறகு தின்று முடித்து ஒரு விநாடி. பிறகு ஐந்து. அவசரப்பட்டு ஒருநாள் கதறவிட்டால் முதல் வாரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கூண்டே வேண்டாம். இதைச் சொல்லவே பலர் தயங்குகிறார்கள். கூண்டு கட்டாயமில்லை. இரண்டு மாதம் மேலே சொன்னபடி செய்தும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு வைக்கிற தடுப்புக் கேட்டை வைத்து ஒரு அறை, அல்லது ஹாலில் மடக்கு வேலி. தரையில் ஒயர், மருந்து, கொசுவத்தி எதுவும் எட்டக் கூடாது. பால்கனிக் கதவு சாத்தியிருக்க வேண்டும். சின்ன நாயின் தலை நுழைகிற கிரில் இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும். நான்கு மாடி உயரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது, முதலிலேயே வலை அடித்துவிடுங்கள்.

கூண்டு ஒத்துப்போகிற நாயையும் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அடைக்காதீர்கள். கழுத்துப் பட்டை, பெல்ட் எதுவும் உள்ளே போகும்போது உடம்பில் இருக்கக் கூடாது. கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகும்.

## கம்பியைக் கடித்து வாயில் ரத்தம், நகம் பிய்ந்திருக்கிறது

கூண்டை இன்றே நிறுத்துங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

என்னிடம் வந்த டாஷ்ஹண்ட் ஒன்று ஒரே மதியத்தில் மேல் கோரைப்பல் ஒன்றைப் பாதியாக உடைத்துக்கொண்டது. கம்பி இரண்டு இடத்தில் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. 7 கிலோ உடம்பு அந்தக் கம்பியை வளைத்திருக்கிறதென்றால் உள்ளே என்ன பாடுபட்டிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதை வாங்கிவந்தவர்களிடம் யாரோ இன்னும் பலமான கூண்டு வாங்கச் சொல்லியிருந்தார்கள். பலமான கூண்டில் உடைவது கம்பியல்ல, பல்.

உடைந்த பல்லின் நடுவில் சிவப்பாகவோ கருப்பாகவோ புள்ளி தெரிந்தால் நரம்பு வரை திறந்திருக்கிறது. ஓரிரு நாளில் டாக்டர் பார்க்க வேண்டும். பல்லைக் காட்டுகிற அன்றே பயத்துக்கும் மருந்து பேசிவிட்டு வாருங்கள். இந்த அளவுக்குப் போன நாய்க்கு வெறும் பயிற்சி மட்டும் போதாது.

## வீட்டுக்குள் சிறுநீர், மலம்

ஆள் இருக்கும்போதும் போகிறதா? அப்படியானால் இது தனிமைப் பயம் அல்ல. குட்டி என்றால் பயிற்சி முடியவில்லை. வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் பகலில் அதனால் அடக்க முடிகிற உச்சம்; மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி, அதுவும் சின்ன இனத்துக்குக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய் திடீரென்று ஆரம்பித்தால் சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று, கல், சர்க்கரை எதுவாகவும் இருக்கலாம்.

திரைச்சீலை, சோபாக் கால் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிறதா? ஆண் நாயின் எல்லைக் குறி. கருத்தடை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

நீங்கள் போனால் மட்டும், அதுவும் வாசல் பக்கத்தில், போவதற்கு முன் வெளியே கூட்டிப்போய் வந்திருந்தும்? இது பயம். "கதவைச் சாத்தியதும்" என்ற தலைப்பில் சொன்ன கதவுப் பயிற்சிதான் வழி.

ஃபினாயில் போட்டுத் துடைத்தால் நமக்கு வாசனை போய்விடும், நாய்க்குப் போகாது. அந்த இடத்தையே மறுபடி தேடிவரும். பெட் ஷாப்பில் என்சைம் கலந்த திரவம் கேளுங்கள்.

வந்து பார்த்ததும் திட்டாதீர்கள். "தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாருங்க" என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார். 2009-இல் நாய்களின் நடத்தையை ஆராய்கிற அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தை நாய் தின்றிருந்தாலும் தின்னாமல் இருந்திருந்தாலும், வளர்ப்பவர் திட்டும்போதுதான் அந்தக் குற்ற முகம் அதிகம் வந்தது. அது நம் கோபத்தைப் பார்த்து வருகிற முகம்.

## மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகுதல்

முதலில் வெப்பம். பக், ஷீட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூடிய அறையே ஆபத்து. குதத்தில் வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, ஃபேனுக்கு அடியில் வைத்து, அப்படியே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்.

ஏசி அறையிலும் இரைக்கிறது, நீங்கள் வந்து பத்து நிமிடத்தில் அடங்குகிறது, தரையில் பாத ஈரம் அச்சு அச்சாகத் தெரிகிறது என்றால் அது பயம்.

## ராத்திரியில் மட்டும் அழுகை

புதிதாக வந்த குட்டி என்றால் காரணம் தேடவே வேண்டாம். நேற்று வரை அம்மாவின் வயிற்றோடு ஒட்டித் தூங்கியது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொன்னாலும் 35, 40 நாள் குட்டிகளை விற்பது நிற்கவில்லை. கூண்டையோ பெட்டியையோ உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வையுங்கள். நடு இரவில் ஒருமுறை எழுந்து மூத்திரம் போகக் கூட்டிப்போங்கள். சில வாரங்களில் அரை அடி அரை அடியாகத் தள்ளிவைக்கலாம். "இடம் கொடுத்தா தலைமேல ஏறிடும்" என்பதை நம்பாதீர்கள். ராத்திரியில் பயப்படாமல் வளர்கிற குட்டிதான் பகலில் தனியாக இருக்கக் கற்கும்.

பத்து வயதைத் தாண்டிய நாய் ராத்திரியில் நடந்துகொண்டே இருந்தால், மூலையில் போய் முட்டி நின்றால், கண், காது, மூட்டு வலி, மூளைத் தேய்மானம் எல்லாவற்றையும் டாக்டர் பார்க்கட்டும்.

## நன்றாக இருந்த நாய் திடீரென்று இப்படி ஆனது

வலியை முதலில் நினையுங்கள். ஸ்பிட்ஸ், பொமரேனியன் வகைக்கு முழங்கால் சிப்பி விலகுவது சகஜம். நடக்கும்போது பின்னங்கால் ஒன்றைச் சட்டென்று தூக்கி, இரண்டடி தாவி, மறுபடி ஊன்றும். பல் சொத்தை, காதுப் புண், உண்ணிக் காய்ச்சல் எல்லாம் நாயை ஒட்டிக்கொள்ளவைக்கும். உண்ணி இருந்து, சாப்பாடும் குறைந்திருந்தால் ரத்தப் பரிசோதனை அன்றே.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். பையன் ஹாஸ்டலுக்குப் போனது, பாட்டி ஊருக்குப் போனது, வீட்டிலிருந்து வேலை முடிந்து ஆபீஸ் திறந்தது. தீபாவளி முடிந்த வாரம் எனக்கு வருகிற போன்களில் முக்கால்வாசி இதுதான். தனியாக இருந்தபோது வெடிச் சத்தம் கேட்ட நாய்க்குத் தனிமையும் வெடியும் ஒன்றாகிவிடும். அதற்குச் சத்தப் பயத்தைத் தனியாகக் கவனிக்காமல் கதவுப் பயிற்சி மட்டும் எடுபடாது.

## எப்போது டாக்டர், எப்போது டிரெய்னர்

ரத்தம், உடைந்த பல், ஜன்னலில் ஏறிக் குதிக்கப் பார்ப்பது, தனியாக விட்ட நாளெல்லாம் சாப்பிடாமலே இருப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் ஒழுங்காக ஆறு வாரம் பயிற்சி செய்து, நோட்டில் விநாடி ஏறவே இல்லை என்றால்.

டிரெய்னரிடம் முதல் கேள்வி: "நாய் கதறினா என்ன பண்ணுவீங்க?" "கதறட்டும்னு விட்ரணும்", "செயினைச் சுண்டணும்", "நீங்க லீடர்னு காட்டணும்" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கேமராவில் பார்த்து, விநாடிக் கணக்கில் பேசுகிறவர்தான் வேண்டும். ஒரு மாதம் தன்னிடமே விட்டுவிடச் சொல்கிறவரும் வேண்டாம். நாய் பயப்படுவது உங்கள் வீட்டில், நீங்கள் போகும்போது. அதை இன்னோரிடத்தில் சரிசெய்ய முடியாது.

டாக்டரிடம் போகும்போது வீடியோவைக் கொண்டுபோங்கள். கிளினிக்கில் நாய் வாலைக் குழைத்துக்கொண்டுதான் நிற்கும். வாயால் சொன்னால் நம்பவைப்பது கஷ்டம். பக்கத்து கிளினிக்கில் வழி தெரியவில்லை என்றால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.

மருந்து என்றதும் பயப்பட வேண்டாம். குளோமிபிரமின், ஃபுளுவாக்சட்டின் இரண்டும் நாய்களின் தனிமைப் பயத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. முதலாவது 1998-இல், இரண்டாவது 2007-இல். நம் ஊரில் டாக்டர் எடைக்கு அளவு கணக்குப் போட்டு எழுதிக்கொடுப்பார். முழுப் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாவது நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரை பயத்தின் உயரத்தைக் குறைக்கும். கதவுப் பயிற்சி அதோடு சேர்ந்து நடந்தாக வேண்டும்.

இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: உண்ணிக்கு என்ன போடுகிறீர்கள் என்று. நம் ஊரில் பலர் குளிப்பாட்டப் பயன்படுத்துகிற உண்ணி மருந்துகளில் அமிட்ராஸ் இருக்கும், சில உண்ணிப் பட்டைகளிலும் இருக்கும். மேலே சொன்ன இரண்டு மாத்திரைகளோடும் அது சேரக் கூடாது. பாட்டிலையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். வயதான நாய்க்கு செலஜிலின் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வெறும் மயக்கத்துக்கு மட்டும் மருந்து எழுதினால், இது பயத்தைக் குறைக்குமா, உடம்பை மட்டும் அசையவிடாமல் வைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். அசிபுரோமசின் மட்டும் தனியாகக் கொடுத்தால் நாய் படுத்துக் கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். வீட்டில் இருக்கிற மனிதத் தூக்க மாத்திரையை நீங்களாகப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

இதற்கிடையில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து புகார் வரும். குரைக்கிறது என்பதற்காக நாயையே வெளியேற்றச் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அதை அனுமதிக்கவில்லை. ஆனாலும் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். நான் கீழ் வீட்டு அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். எட்டு விநாடி, பதினைந்து விநாடி என்று எழுதியிருந்ததை அவர் விரல் வைத்துப் படித்தார். மறுநாளிலிருந்து பட்டு குரைக்கிற நேரத்தை அவரே குறித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தார். மதியம் இரண்டே காலுக்குத் தண்ணி லாரி வரும்போதெல்லாம் அவள் எழுந்துவிடுகிறாள் என்று எனக்குச் சொன்னது அவர்தான்.